இரவல் மெஷின் என் தோப்பில் நின்றுபோனது. புதிது வாங்கித் தர வேண்டுமா?

கேள்வி:

பொள்ளாச்சிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு புல் இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டதால், பெரியப்பா மகனிடம் பிரஷ் கட்டரை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். முதல் நாளே 500 ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வேலை முடியாததால் போன் செய்து, “இன்னும் ரெண்டு நாள் வெச்சுக்கறேண்ணா” என்றேன். சரி என்றார்.

நான்காம் நாள் எனக்கு பேங்கில் வேலை. எப்போதும் வரும் ஆள் மெஷினை ஓட்டினார். அண்ணன் கொடுத்தனுப்பிய கேனில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று போன் செய்தார். “பைக்குல இருக்கறத எடுத்து ஊத்திக்கோ” என்றேன். அரை மணி நேரத்தில் மெஷின் நின்றுவிட்டது, கயிற்றை இழுத்தால் அசையவில்லை. மெக்கானிக் பிரித்துப் பார்த்து, பிஸ்டன் பிடித்துவிட்டது, பிளாக் பிஸ்டன் செட்டாக மாற்ற வேண்டும், கூலியோடு 5,400 ஆகும் என்றார். கிராங்க் ஆயில் சீலும் தேய்ந்திருக்கிறது, எப்படியும் ஒரு நாள் போயிருக்கும் என்றும் சொன்னார்.

அண்ணன் இதை ஐந்து வருடத்துக்கு முன் 21,000 ரூபாய்க்கு வாங்கியவர். இப்போது ரிப்பேர் செய்த மெஷின் வேண்டாம், 26,000 கொடுத்துப் புதிது வாங்கிக் கொடு என்கிறார். சீசனில் வாடகைக்கு விட முடியாமல் போன நஷ்டம் என்று 10,000 தனியாகக் கேட்கிறார். தராவிட்டால் ஸ்டேஷனில் புகார் கொடுப்பாராம். இரண்டு மாதமாக மெஷின் மெக்கானிக் கடையில் கிடக்கிறது.

பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. மெஷினைத் தரும்போது, “ஆள் கையில குடுத்துடாத தம்பி” என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். ஓடி ஓய்ந்த மெஷினை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே நினைக்கிறேன். சட்டப்படி என் பொறுப்பு என்ன? ஓட்டிய ஆளின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளலாமா? அவருக்கு இரண்டு நாள் கூலி பாக்கி இருக்கிறது.

பெயர் வேண்டாம், பொள்ளாச்சி வட்டம்

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மெஷின் வாங்கித் தர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சீசன் நஷ்டம் 10,000 என்பதும் நிற்காது. ஆனால் ரிப்பேர் செலவு உங்களுடையதுதான். “பழைய மெஷின், எப்படியும் போயிருக்கும்” என்ற வாதத்தை வைத்து அதிலிருந்து தப்ப முடியாது.

இந்த மாதிரித் தகராறில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். கொடுத்தவருக்கு “உன் கையில்தானே போச்சு” என்ற வரி. வாங்கியவருக்கு “பழசுதானே” என்ற வரி. கோர்ட்டில் இந்த இரண்டுக்கும் தனியாக எடை கிடையாது. பொருள் எதனால் கெட்டது, அதைக் கொடுக்கும்போது என்ன பேச்சு நடந்தது என்பதை வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தில் இரண்டுக்குமே பதில் இருக்கிறது. ஆனால் முக்கியமான இடத்தை “அவ்வளவுதான்” என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரவல், வாடகை, அடகு, ரிப்பேருக்குக் கொடுத்தது என்று நம் பொருள் இன்னொருவர் கைக்குப் போய்த் திரும்பி வரவேண்டிய எல்லா நிலைமைக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இல் ஓர் அத்தியாயமே இருக்கிறது. 148-ஆம் பிரிவில் ஆரம்பித்து 181 வரை போகும். பத்திரம் எழுதவில்லை, கையெழுத்து இல்லை என்பதால் உங்கள் விஷயம் இதற்கு வெளியே போய்விடாது. கேட்டீர்கள், தந்தார், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அது போதும்.

அதில் 151-ஆம் பிரிவுதான் அடிப்படை. சாதாரண விவேகம் உள்ள ஒருவர் அதே மாதிரியான, அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்திருப்பாரோ, அவ்வளவு கவனம் இரவல் பொருளுக்கும் வேண்டும். அதற்கு மேல் வேண்டியதில்லை, அதற்குக் கீழே போகவும் கூடாது. இங்கிலாந்தின் பழைய தீர்ப்புகளில் இலவசமாக வாங்கியவருக்குக் கூடுதல் கவனம், இலவசமாகப் பாதுகாத்துக் கொடுப்பவருக்குக் குறைந்த கவனம் என்று படிப்படியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நம் சட்டம் எல்லா வகைக்கும் ஒரே அளவுகோலை வைத்துவிட்டது. எனவே நீங்கள் கொடுத்த 500 ரூபாய் வாடகையா, மரியாதைக்கா என்பது உங்கள் கவனத்தின் அளவை மாற்றாது. வேறோர் இடத்தில் மாற்றும், அதையும் பார்ப்போம்.

அந்த அளவு கவனம் காட்டிய பிறகும் பொருள் கெட்டுப்போனால் வாங்கியவர் பொறுப்பில்லை. இது 152-ஆம் பிரிவு. நம் பக்கத்துக் கிணற்று மோட்டாரை வைத்துச் சொல்கிறேன். பங்காளியிடம் இரவல் வாங்கி வைத்த மோட்டார், இடி விழுந்து காயில் எரிந்துபோனால் வாங்கியவர் மேல் குற்றமில்லை. அதே மோட்டார், மூன்று பேஸில் ஒன்று போனது தெரியாமல் இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே ஓடிக் காயில் கருகினால் கதை வேறு. ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பிரிவென்டர் ஸ்டார்ட்டரில் இருந்ததா? இருந்ததை யாராவது பைபாஸ் செய்து வைத்தார்களா? தன் சொந்த மோட்டாரை அப்படி ஓட விட்டிருப்பாரா? இந்தக் கேள்விகள் வரும். இரண்டிலும் எரிந்தது ஒரே காயில்தான், பொறுப்பு மட்டும் ஆள் மாறிவிடுகிறது. உங்கள் மெஷினில் ஸ்டார்ட்டர் கயிறு நைந்து அறுந்திருந்தாலோ, பிளேடு மழுங்கியிருந்தாலோ அது ஓடுவதால் வரும் தேய்மானம். அதற்கு உங்களிடம் யாரும் காசு கேட்க முடியாது.

152-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. தனியாக ஒப்பந்தம் பேசியிருந்தால் அந்தப் பேச்சுதான் செல்லும். பந்தல், பாத்திர வாடகைக் கடை பில்லில் “உடைந்தாலும் தொலைந்தாலும் முழு விலை” என்று அச்சடித்திருப்பார்களே, அந்த வகை. உங்கள் அண்ணன் அப்படி எதுவும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை.

இப்போது மெஷினுக்கு வருவோம். இந்த மாதிரி மெஷினின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. லிட்டருக்கு 20 மில்லியிலிருந்து 40 மில்லி வரை, கம்பெனி சொல்லும் அளவில் கலப்பார்கள். வெறும் பெட்ரோல் ஊற்றினால் உடனே ஒன்றும் தெரியாது. நன்றாகவே ஓடுவது போல இருக்கும். பிறகு சூடேறி, இழுவை குறைந்து, ஒரு கிறீச் சத்தத்தோடு நிற்கும். நீங்கள் சொல்லும் அரை மணி நேரம் இந்தக் கதைக்கு அப்படியே பொருந்துகிறது.

மெக்கானிக் சொன்ன ஆயில் சீல் விஷயமும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கிராங்க் சீல் தேய்ந்தால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமான கலவை எரியும், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும், அதனாலும் பிஸ்டன் பிடிக்கும். ஆக இரண்டு சந்தேக நபர்கள் இருக்கிறார்கள். எது என்று கழற்றிய பிஸ்டனே ஓரளவுக்குச் சொல்லிவிடும். கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கீறலாக இருந்து மறுபக்கம் மினுமினுப்பாக இருந்தால் காற்றுக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். சுற்றிலும், பெட்ரோல் கலவை உள்ளே வரும் இன்டேக் பக்கம் உட்பட, மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுபட்டு, துடைத்துப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் காய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். டேங்கில் மிச்சம் பெட்ரோல் இருந்தால் வெளியே வைத்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். வெறும் பெட்ரோல் ஆவியாகித் தடம் தெரியாமல் போகும். ஆயில் கலந்ததென்றால் எண்ணெய்க் கறை நிற்கும்.

இதை நீங்கள் மட்டும் போய்ப் பார்க்காதீர்கள். அண்ணனையும் கூப்பிட்டு, இருவர் முன்னிலையிலும் மெக்கானிக் காட்டட்டும். போட்டோ எடுங்கள். பிஸ்டனையும் சீலையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். மெக்கானிக் வாயால் சொன்னதை, என்ன பழுது, எதனால் என்று பில் புக்கிலேயே இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பொருள் உங்கள் வசம் இருந்தபோது நடந்தது உங்களுக்குத்தான் தெரியும் என்பதால், கவனமாக இருந்தேன் என்று காட்டும் பாரம் உங்கள் மேல்தான் விழும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் அது 109-ஆம் பிரிவு. கோர்ட்டுக்குப் போகாவிட்டாலும் இந்த இரண்டு வரி பயன்படும். சொந்தக்காரர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஆளாளுக்கு மெக்கானிக்காகிவிடுவார்கள், மெக்கானிக் எழுதித் தந்தது இருந்தால் அந்தப் பேச்சு அடங்கிவிடும்.

ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் ஓடிய மெஷின், வெறும் பெட்ரோல் ஊற்றிய அரை மணி நேரத்தில் நின்றது. சீல் தேய்ந்திருந்தது உண்மையாகவே இருக்கட்டும், முதல் மூன்று நாளும் அதே தேய்ந்த சீலோடுதான் ஓடியது. எந்த நீதிபதியும் இந்த வரிசையைத்தான் முதலில் பார்ப்பார்.

“ஆயில் கலக்கணும்னு அவர் சொல்லலையே” என்பது உங்கள் அடுத்த வாதம். மெஷினில் இருக்கும் குறையைக் கொடுப்பவர் மறைக்கக் கூடாது என்று 150-ஆம் பிரிவு சொல்கிறது. முரட்டுக் குதிரை என்று தெரிந்தே அதைச் சொல்லாமல் கொடுத்தவரை அந்தப் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் ஆயில் கலந்த பெட்ரோல் கேட்பது மெஷினின் குறை இல்லை, அதன் சுபாவம். அவர் கேனில் கலந்து வைத்த பெட்ரோலைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பக்கத்தில் பங்க் இருக்கும்போது எதற்காகக் கேனில் தனியாகத் தருகிறார் என்று யோசித்திருக்கலாம். கேன் தீர்ந்தபோது ஒரு போன் செய்து, “எந்த பெட்ரோல்ணா ஊத்தறது?” என்று கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பேச்சுவார்த்தையில் அதைச் சொல்லுங்கள், கொஞ்சம் எடுபடும். உங்கள் பொறுப்பை அடித்துப் போடும் அளவுக்கு அதில் பலம் இல்லை.

ஆயில் சீலுக்கு வேறு கணக்கு. அது நிஜமான குறை. இலவச இரவல் என்றால், அந்தக் குறை அண்ணனுக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அதனால் உங்களுக்கு வந்த நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு. வாடகைக்குக் கொடுத்தது என்றால் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பொறுப்பு. அந்த 500 ரூபாய் வேலை செய்வது இங்கேதான். வேடிக்கை என்னவென்றால், சீசனில் மெஷினை வாடகைக்கு விடுபவன் நான் என்று சொல்லித்தானே அண்ணன் 10,000 கேட்கிறார்? அப்படிச் சொல்லச் சொல்ல, உங்களிடம் வாங்கிய 500-ம் வாடகைதான் என்ற பக்கம் அவரே சாய்கிறார். வாடகைதான் என்றால் சீல் அவர் கணக்கு.

இப்போது நீங்கள் தாண்டிப்போன வரி. “ஆள் கையில குடுத்துடாத தம்பி.”

நீங்கள் அதைப் பொதுவான வார்த்தை என்கிறீர்கள். 154-ஆம் பிரிவின் கண்ணில் அது நிபந்தனை. கொடுத்தவர் சொன்ன நிபந்தனைக்கு மாறாகப் பயன்படுத்தினால், அந்தப் பயன்பாட்டால் வந்த சேதத்துக்கு மட்டுமல்ல, அந்தப் பயன்பாட்டின்போது வந்த சேதத்துக்கும் வாங்கியவர் ஈடு கட்ட வேண்டும். இதற்கும் சட்டம் குதிரையைத்தான் உதாரணம் காட்டுகிறது, 1872 அல்லவா. நீ மட்டும் ஏறிக்கொள் என்று சொல்லி ஒருவர் குதிரையை இரவல் தருகிறார். வாங்கியவர் தன் குடும்பத்தார் ஒருவரை ஏற விடுகிறார். அவர் கவனமாகத்தான் ஓட்டுகிறார். இருந்தும் குதிரை தற்செயலாக இடறி விழுந்து அடிபடுகிறது. ஈடு கொடுக்க வேண்டியவர் இரவல் வாங்கியவர். அடுத்த உதாரணத்தில் கல்கத்தாவிலிருந்து காசிக்கு என்று பேசி வாடகைக்கு எடுத்த குதிரையை ஒருவர் கட்டாக்குக்கு ஓட்டிப் போகிறார். அங்கேயும் ஓட்டியவர் மேல் கவனக்குறைவு எதுவும் இல்லை, ஆனாலும் பொறுப்பு அவருடையதே. ஆக, உங்கள் ஆள் சரியான அளவில் ஆயில் கலந்து ஊற்றி, அப்படியும் மெஷின் நின்றிருந்தால்கூட நீங்கள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தான் இருப்பீர்கள். ஆயில் சீல் வாதம் இங்கே வலுவிழக்கிறது. சேதத்தின் அளவைக் குறைக்க அது உதவலாம், பொறுப்பை மாற்றுவதற்கு உதவாது.

சொன்னதற்குச் சாட்சி யார் என்று கேட்கத் தோன்றும். நீங்களே எழுதிவிட்டீர்கள், அவர் சொன்னார் என்று. நாளை கூண்டில் ஏறி இல்லை என்று சொல்லும் ஆள் நீங்கள் இல்லை என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சாதகம். இரண்டு நாளைக்கு என்று வாங்கி நான்காம் நாள் பழுதானதால், தவணை தாண்டி வைத்திருந்த குற்றமும் சேர்ந்திருக்கும். திருப்பித் தர வேண்டிய நேரத்தில் தராவிட்டால் அதன் பிறகு வரும் எந்தச் சேதத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு என்று 161-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் போன் செய்து கேட்டதும் அவர் சரி என்றதும் உங்களை அதிலிருந்து காப்பாற்றிவிட்டது.

சரி, எவ்வளவு? ஒப்பந்தம் மீறினால் ஈடு எவ்வளவு என்பதை 73-ஆம் பிரிவு வழிநடத்துகிறது. நஷ்டப்பட்டவரை, நஷ்டம் வராமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருப்பாரோ அங்கே நிறுத்துவதுதான் ஈட்டின் நோக்கம். அதைவிட ஒரு படி மேலே ஏற்றிவிடுவது இல்லை. அண்ணனிடம் இருந்தது ஐந்து வருடம் ஓடிய மெஷின். புதியதைக் கொடுத்தால் அவர் 26,000 மதிப்புள்ள இடத்துக்குப் போகிறார். அது அவருக்குச் சேராது. ரிப்பேர் செய்து பழையபடி ஓடும் என்றால் ரிப்பேர் செலவுதான் ஈடு. ரிப்பேர் செலவு, அந்த மெஷின் ஓடும் நிலையில் பழைய விலைக்கு எவ்வளவு போகுமோ அதைத் தாண்டினால் மட்டும் அந்தப் பழைய விலையைக் கொடுத்துத் தீர்க்கலாம். 5,400 அந்த எல்லையைத் தாண்டுவதாக எனக்குத் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் பழைய மெஷின் வாங்கி விற்கும் கடை இரண்டில் விலை கேளுங்கள்.

10,000 சீசன் நஷ்டத்துக்கு வந்தால், முதலில் அதற்குக் கணக்கு வேண்டும்: யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவுக்கு வாடகை பேசியிருந்தார்? அதைவிட முக்கியமாக, 73-ஆம் பிரிவின் விளக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. நஷ்டத்தைச் சரிசெய்துகொள்ள என்ன வழி கையில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மெஷின் இரண்டு மாதமாகக் கடையில் கிடக்கிறது, ரிப்பேர் செய்ய விடாமல் புதிது கேட்டு நிற்பவர் அவர். சாமான் கிடைத்தால் சில நாளில் முடிகிற வேலை. அந்தச் சில நாளுக்கு வேண்டுமானால் அவர் பேசட்டும். ஆனால் ரிப்பேருக்குச் சம்மதம் என்று நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லை என்றால் அந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். சட்ட வாசனை எதுவும் வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

“அண்ணா, மெஷின் என்கிட்ட இருக்கும்போது போனது. பிளாக் பிஸ்டன் மாத்தற செலவும் கூலியும் நான் குடுத்துடறேன். சீல் பழசு, அதை மட்டும் நீங்க பாத்துக்கங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு வேலைய ஆரம்பிக்கச் சொல்லிடலாம்.”

சீலை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும் என்பதை மெக்கானிக்கே சொல்வார். ஆகவே அது யார் காசு என்ற சண்டைக்காக அதை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். சீல் சின்ன சாமான், பெரிய விலை இருக்காது. அண்ணன் முறைத்தால் அதையும் நீங்களே போட்டுவிட்டு முடித்துக்கொள்வது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. சட்டப்படி பாதி பலம் உள்ள வாதத்துக்காகப் பங்காளி உறவைக் கோர்ட் வாசலில் நிறுத்துவதில் லாபம் இல்லை. முடிந்ததும் மெஷினை அவர் வீட்டில் அப்படியே இறக்கி வைத்துவிட்டு வராதீர்கள். அவர் முன்னால் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் புல் வெட்டிக் காட்டச் சொல்லி மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள்.

ஸ்டேஷன் மிரட்டலைப் பற்றி. நம்பிக்கை மோசடி என்ற குற்றம் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 406, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316. அதற்கு உயிரே நேர்மையற்ற எண்ணம். வாங்கிய மெஷினை விற்றுத் தின்றிருந்தால், அடகு வைத்திருந்தால், வாங்கவே இல்லை என்று சாதித்தால் அது பொருந்தும். தோப்பில் ஓடும்போது பழுதாகி, மெக்கானிக் கடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கிடக்கும் மெஷினில் மோசடி எதுவும் இல்லை. இது சிவில் விவகாரம். ஆனாலும் பெட்டிஷன் என்கொயரி என்று ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் போகாமல் இருந்துவிடாதீர்கள். மெக்கானிக் பில்லையும் அந்த வாட்ஸ்ஆப் செய்தியையும் கையில் எடுத்துப் போங்கள். செலவைத் தருவதாகச் சொன்னதைக் காட்டுங்கள். அங்கே உட்கார வைத்து 36,000 தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட வேண்டாம். வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

பேசித் தீரவில்லை என்றால் வழக்குக்குப் போகும் முன் ஒரு வழி இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வழக்கே போடாமல் அங்கே ஒரு மனு கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு லோக் அதாலத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்டு எழுதியது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் இல்லை. எப்படிப் போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இந்த மனுவை அண்ணன்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, நீங்களும் கொடுக்கலாம். அவர் சிவில் வழக்கே போடுவதாக இருந்தாலும் பொதுவாக மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்பதால், பேசாமல் விட்டால் தானாக அடங்கிவிடும் என்று காத்திருப்பது உங்களுக்கு நல்லதல்ல.

பணம் கொடுக்கும்போது கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கடைக்காரருக்கு நீங்களே ஜிபே செய்து பில்லை வாங்குங்கள். அண்ணனிடம் ஒரு தாளில், மெஷின் ஓடும் நிலையில் திரும்பக் கிடைத்தது, இது தொடர்பாக இனி எந்த பாக்கியும் இல்லை என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று அவர் கேட்டால், ஸ்டேஷன் வரைக்கும் போகிறேன் என்றீர்களே அண்ணா, அதற்காகத்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

கடைசியாக, ஆளின் கூலி. பிடிக்கக் கூடாது. மெஷினை ஆள் கையில் கொடுக்காதே என்று அண்ணன் சொன்னது உங்களிடம், கொடுத்தது நீங்கள். பெட்ரோல் தீர்ந்ததும் அந்த மனிதர் தானாக எதையும் ஊற்றவில்லை, போன் செய்து கேட்டிருக்கிறார். பைக்கில் இருப்பதை ஊற்று என்றது நீங்கள். இந்த விவகாரத்தில் கேட்டுச் செய்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு நாள் கூலி பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணனிடம் பேசப் போவதற்கு முன்னால் அதைக் கொடுத்துவிடுங்கள்.